ஏறுற வண்டிக்கு வழி

கண்ண மூடிக்குங்க தம்பி. அட, மூடிக்குங்கன்னா. வெளிய பாத்துட்டே வந்தீங்கன்னா இன்னும் எச்சாத்தான் வயித்தப் பொரட்டும். இந்தாங்க எலுமிச்சம்பழம். உள்ளங்கையில வெச்சு நல்லா உருட்டி மோந்து பாருங்க. மலை வண்டியில ஏறுறவன் கையில இது இல்லாம ஏறப்படாது. வால்பாறை ஸ்டாண்டுல ஏறும்போதே பாத்தேன், மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. வளைவு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. இதெல்லாம் சும்மா முன்னோட்டம்.

என்ற பேரு நாச்சிமுத்து. இதே ரோட்டுல முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்சவன். ரிட்டயர்டு ஆகி ரெண்டு வருசமாச்சு. இப்ப ஓட்டறானே இந்தப் பையன், நல்லாத்தான் ஓட்டறான். கியரை மட்டும் சித்த முந்தி மாத்தலாம். நான் சொன்னா கேப்பானா? இந்தக் காலத்துப் பசங்க யாரு சொன்னாக் கேக்கறாங்க.

தலை சுத்தறதப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த டாக்டருக்கும் தெரியாதுங்க. முப்பது வருசமா எனக்குப் பின்னாடி உக்காந்து வாந்தி எடுத்த சனத்த எண்ண முடியுமா? கண்ண மூடு, வெறும் வயித்துல ஏறாத, தலைய ஆட்டாத, அசையாம சாஞ்சுக்க. அவ்வளவுதான் வைத்தியம். எத்தனை பேரைப் பத்திரமா எறக்கி விட்டிருக்கேன் தெரியுமா.

நின்னுட்டான் பாருங்க. பயப்படாதீங்க, வண்டிக்கு ஒண்ணுமில்ல. கீழ இருந்து லாரி ஏறி வருது. ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடோணும். மலையில அதான் சட்டம். ஏறுறவன் பாரத்த இழுத்துட்டு வர்றான், நடுவுல நின்னுட்டான்னா மறுக்கா கிளப்பறது கஷ்டம். நம்ம எறங்கறவங்க, ஓரங்கட்டி நிக்கறதுல நமக்கென்ன கொறஞ்சு போச்சு? இந்த ரோட்டுல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அதுக்குக் கட்டுப்பட்டாகோணும். நான் ஒரு நாளும் மீறுனதில்ல.

எங்க போறேன்னா கேட்டீங்க? மலைக்குக் கீழ, அங்கலக்குறிச்சிக்கு. பொண்டாட்டியக் கூட்டீட்டு வரப் போறேன்.

சிரிக்காதீங்க. இந்த வயசுல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளான்னுதானே நெனைக்கறீங்க? கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. சீக்கு. காதுக்குள்ள சீக்கு. நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்க. உங்கள மாதிரி வெளியூர்க்காரங்ககிட்டத்தான் இதச் சொல்ல முடியும். உள்ளூர்க்காரன் எல்லாம் ஏற்கெனவே அவ பக்கம் சாஞ்சுட்டான்.

துளசிமணின்னு பேரு. பேருக்கேத்த மாதிரி அமைதியான ஆளுன்னு நெனச்சுடாதீங்க. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிப்பா, எனக்குச் சோறாக்கி மூடி வெச்சுட்டு, எங்க வூட்டுக்குக் கீழ இருக்கற படிய எறங்கி ஓடுவா. எங்க வூடு மேட்டுல இருக்குது தம்பி, ரோட்டுல இருந்து செங்குத்தாப் படி. அதுல அவ எறங்கறதப் பாத்தா எனக்கே நெஞ்சு பதறும். சாயங்காலம் வந்தா மகளிர் குழு. வெள்ளிக்கெழமை கோயில். ஞாயித்துக்கெழமை எவ வூட்டுலயாவது சீர், வளைகாப்பு. நான் ரிட்டயர்டு ஆகி மாலையும் சால்வையுமா வூட்டுக்கு வந்தா, வூட்டுல ஆளில்லைங்க. பொண்ணு ஒருத்தி, அவளும் கட்டிக்குடுத்துப் போயிட்டா. நானும் டீவியும்தான்.

நான் வேலையில இருந்த காலத்துல அவ ஒத்தையில கெடந்தா, அத ஒத்துக்கறேன். நைட் ஹால்ட்டு போட்டுட்டு நான் பொள்ளாச்சியில படுத்துக்குவேன், அவ இங்க மழையில ஒத்தையில இருப்பா. ஆனா அதுக்காக நான் வந்ததுக்கப்பறமும் ஒத்தையில இருக்கற மாதிரியே நடந்துக்கோணுமா? 'ஏனுங்க, சாப்பாடு மூடி வெச்சிருக்கறனுங்க'ன்னு ஒரு கொரல். அப்பறம் படியில செருப்புச் சத்தம். அவ்வளவுதான் எங்க குடித்தனம்.

இந்தத் தை மாசம். சளி புடிச்சு நாலு நாள் காய்ச்சல் அடிச்சுது, எல்லாத்துக்கும்தான் அடிக்குது. சரியாயிப் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போனா. ஒரு நாள் காலைல எந்திரிச்சு உக்காந்தவ, 'ஏனுங்க, வூடு சுத்துதுங்க'ன்னா. நான் காப்பி டம்ளரோட திரும்பறதுக்குள்ள கட்டல்ல குப்புற உழுந்துட்டா. மூஞ்சியத் திருப்பிப் பாத்தா, கண்ணு கருமணி ரெண்டும் ஒரே பக்கமா இழுத்து இழுத்து ஓடுது தம்பி. நான் ஆக்சிடெண்டு பாத்தவன், பொணத்தத் தூக்குனவன். ஆனா இந்த மாதிரிக் கண்ணப் பாத்ததில்ல. 'புடிங்க, உழுகறேன், என்னைப் புடிங்க'ன்னு கத்தறா. கட்டல்ல படுத்திருக்கறவ எங்கீங்க உழுகறது? போயிக் கையக் குடுத்தேன்.

அந்தப் புடி இருக்குது பாருங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட அவ என்ற கைய அப்படிப் புடிக்கல.

காரு வெச்சு இந்த மலையில எறக்கிப் பொள்ளாச்சிக்குக் கொண்டு போனேன். காது டாக்டர் ஒரு அம்மா. கண்ணப் பாத்தாங்க, தலையப் புடிச்சு வெடுக்குன்னு திருப்பிப் பாத்தாங்க. மூளையில ஒண்ணுமில்ல, காதுக்குள்ள நிதானம் சொல்ற நரம்பு ஒரு பக்கம் அடி வாங்கிருச்சுன்னாங்க. சளியில வந்த கிருமி போயி அத அரிச்சிருச்சாம். 'அந்த நரம்பு பழையபடி முழுசாத் திரும்புமான்னு சொல்ல முடியாது. ஆனாத் திரும்பாட்டியும் பரவால்ல, மூளை அதுக்கு ஏத்த மாதிரிப் பழகிக்கும்'னாங்க. எனக்குப் புரியல. நான் என்ன வேலைன்னு கேட்டாங்க. சொன்னேன்.

'அப்பச் சொல்லுங்க நாச்சிமுத்து, உங்க வண்டி ஒரு பக்கமா இழுக்குது. நடு வழியில என்ன பண்ணுவீங்க?'

'ஸ்டியரிங்க எதுத்த பக்கம் சித்த புடிச்சு ஓட்டுவனுங்க.'

'எவ்வளவு புடிக்கோணும்னு எப்படித் தெரியும்?'

'ஓட்ட ஓட்டத் தெரிஞ்சுக்கும். கை தானாப் பழகிக்கும்.'

'அதேதான். உங்க சம்சாரத்து மூளையும் அப்படித்தான் பழகோணும். நாலு நாளைக்கு மாத்திரை குடுங்க, அப்பறம் நிறுத்திருங்க. எந்திரிச்சு நடக்க விடுங்க. தலையத் திருப்ப விடுங்க. சுத்தத்தான் செய்யும், விட்டுருங்க'ன்னாங்க.

நல்ல டாக்டர்தான், நான் கொறை சொல்லல. ஆனா அவங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியாதுங்களே. ஒரு பக்கம் இழுக்கற வண்டிய டிப்போ வரைக்கும் அப்படிக் கொண்டு போலாம். அப்பறம்? ஷெட்டுல நிறுத்தோணும்! இழுக்கற வண்டிய எவனாவது மலைக்கு எடுப்பானா? நான் எடுக்க விட்டதில்ல. அதனால நான் என்ன பண்ணேன், கொண்டாந்து ஷெட்டுல நிறுத்துனேன். நம்ம வூடுதான் ஷெட்டு.

மாத்திரையும் நிறுத்தல. ஏன் நிறுத்தோணும்? போட்டாச் சுத்தறதில்ல, அசந்து தூங்கறா. ஒரு நாள் நிறுத்திப் பாத்தேன், வாந்தி. அப்ப எதுங்க நல்லது? நீங்களே சொல்லுங்க. மருந்துக்கடைக்காரன் நமக்கு வேண்டியவன், கேட்டதும் குடுத்துருவான்.

ஜன்னலுக்குக் கம்பளி கட்டுனேன். எங்கூர்ல மூடுபனி ஜன்னலுக்கு முன்னாடி நகர்ந்துக்கிட்டே இருக்குமுங்க, அதப் பாத்தாலே அவளுக்குச் சுத்துச்சு. லைட்டையும் சின்னதா மாத்துனேன். கண்ண மூடிக்கன்னேன். தலைய அசைக்காதன்னேன். சோறு பெசஞ்சு ஊட்டுனேன். எனக்கு ரசம் வெக்கத் தெரியாது தம்பி, கட்டல்ல படுத்துட்டே அவ சொல்லச் சொல்ல வெச்சேன். தலை பின்னி விட்டேன். மொத தடவை பின்னும்போது அவ கண்ண மூடிட்டே சிரிச்சா. 'பஸ்ஸுக்கு மேல லக்கேஜக் கயிறு போட்டுக் கட்டற மாதிரிக் கட்டறீங்க'ன்னா. பாத்ரூமுக்குப் போறதுன்னா என்ற தோள்ல முழுப் பாரத்தையும் போட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு, அப்படிப் போவோம். நடு ராத்திரி 'இருக்கறீங்களா'ம்பா. 'இருக்கறேன் அம்மிணி'ம்பேன்.

அந்த மூணு மாசந்தான் தம்பி நாங்க புருசன் பொண்டாட்டியா இருந்தோம்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவ சீக்குல கெடந்தான்னு நான் சந்தோசப்பட்டேன்னா சொல்றேன்? அந்த மாதிரி ஆளா நானு? வெசனத்துல எனக்கு உடம்பே பாதியாப் போச்சு. நான் சொன்னது வேற. நீங்க கண்ண மூடுங்க.

அந்தா, பாறை மேல வரையாடு நிக்குது. செங்குத்துல நாலு காலையும் ஒரு சாணெடத்துல வெச்சுட்டு எப்படி நிக்குது பாருங்க. ஓ, நீங்க பாக்காதீங்க. பாத்தாச் சுத்தும்.

சரி, அப்பறம் என்னாச்சுன்னு கேளுங்க. மாசம் ஏற ஏற அவளுக்கு ஒரு நச்சரிப்பு வந்துச்சு. 'சித்த நேரம் வாசல்ல நிக்கட்டுமா?' வேண்டாம். 'செவுத்தப் புடிச்சுட்டு அடுப்படி வரைக்கும் போயிட்டு வரட்டுமா?' எதுக்கு, நான் இருக்கறேன்ல. 'அந்த டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்களே?' அவங்களா வந்து தூக்கப் போறாங்க? ஒரு நாள் அழுதா. 'இருக்க இருக்க மோசமாகுதுங்க. மொத வாரங்கூட எந்திரிச்சு உக்காந்தேன். இப்பத் தலையத் தூக்குனாலே பயமா இருக்குது'ன்னா. பாத்தீங்களா? அவளே ஒத்துக்கறா, மோசமாகுதுன்னு. மோசமாகுதுன்னா இன்னும் பத்திரமா வெச்சுக்கோணுமா, எழுப்பி நடக்க விடோணுமா?

பங்குனியில ஒரு நாள் நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆளு கட்டல்ல இல்லை. வாசப்படியில கெடக்கறா. முட்டி பேந்து, முழங்கையில ரத்தம். இன்னும் நாலு அடி போயிருந்தா அந்தச் செங்குத்துப் படி. அவ என்னடான்னா, அழுவாம, 'வாசல் வரைக்கும் நானாவே வந்துட்டேன் பாத்தீங்களா'ங்கறா. பெருமை!

அதுக்கப்பறந்தான் நான் வெளிய போனாத் தாழ்ப்பாள் போட ஆரம்பிச்சேன். வெளிப்பக்கம்.

பூட்டலைங்க. பூட்டறதுக்கும் தாழ்ப்பாள் போடறதுக்கும் வித்தியாசம் இருக்குது. பூட்டுன்னா சாவி வேணும். தாழ்ப்பாள்னா யாரு வேணும்னாலும் தொறந்துக்கலாம். வெளியில இருந்து. ஒரு அரை மணி நேரம், கடைக்குப் போயிட்டு ஓடி வர்ற வரைக்கும். அதுவும் அவ நல்லதுக்கு.

இதத்தான் ஊரெல்லாம் பெருசாக்கிப் பேசுது.

அவ தங்கச்சி மரகதம் இருக்கறாளே, அங்கலக்குறிச்சிக்காரி, சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வந்து நின்னுருக்கறா. நான் கறிகாய் வாங்கீட்டுப் படியேறி வர்றேன். பாத்தா, கதவு தொறந்து கெடக்குது. ரெண்டு பேரும் வாசல்ல வெயில்ல உக்காந்திருக்கறாங்க. துளசி வெளிச்சம் தாங்காம கண்ணச் சுருக்கீட்டு, தங்கச்சி தோள்ல சாஞ்சு இருக்கறா. மரகதம் எந்திரிச்சா. தாழ்ப்பாளத் தொட்டுக் காட்டுனா.

'என்ன மாமா இது?'

'காத்துக்குக் கதவு அடிச்சுக்குது அம்மிணி, அதான்.'

அவ என்னை நாலு வார்த்தை வஞ்சிருந்தாக்கூடப் பரவால்லைங்க. உள்ள போயி நாலு சேலைய எடுத்துப் பையில போட்டா. அக்கா கையப் புடிச்சா. நான் துளசியப் பாத்துக் கேட்டேன், 'போறியா?'ன்னு. அவ தலையத் தூக்கி, அந்தச் சுத்தலோட என்ற மூஞ்சிய ஒரு எடத்துல நிறுத்திப் பாக்கறதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டா தெரியுமா? பாத்துட்டுச் சொன்னா, 'போயிட்டு வர்றேனுங்க.' அவ்வளவுதான். அந்தப் படி முழுக்க உக்காந்து உக்காந்து எறங்குனா. நான் புடிக்க வந்தேன், வேண்டான்னுட்டா.

காருக்கு ஏற்பாடு பண்றேன்னேன். கேக்கல. பஸ்ஸுலதான் போனாங்க, இதே வழியில, இதே வளைவெல்லாம் சுத்தி. மரகதம் அப்பறம் சொன்னா, வழி நெடுக வாந்தியாம். 'கண்ண மூடிக்கக்கா'ன்னு சொன்னதுக்கு மூட மாட்டேன்னுட்டாளாம். மலை எறங்கி ஆழியாறு வர்ற வரைக்கும் கண்ணத் தொறந்தே வெச்சிருந்தாளாம். என்ன வீம்பு பாருங்க. மலை டிரைவர் பொண்டாட்டிக்கு இந்த அடிப்படைகூடத் தெரியலைன்னா, கேக்கறவங்க என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?

என்னங்க? நானா? ஆமா, எனக்கு ஒரு நாளும் சுத்துனதில்ல. டிரைவருக்குச் சுத்தாது. கண்டக்டருக்குத்தான் சுத்தும், அதுவும் புதுசுல. ஆரோக்கியம்னு ஒருத்தன் வந்தான், ராமநாதபுரத்துக்காரன். மேட்டையே பாக்காத பையன். மொத ட்ரிப்புலயே வாந்தி எடுத்துட்டு, 'அண்ணே, என்னைக் கீழ்ப்பக்கம் மாத்தி விட்டுருங்கண்ணே'ன்னு அழுதான். நான் விடல. 'லீவெல்லாம் கெடையாது. வாந்தி எடு, வாயத் தொடை, நின்னுட்டே டிக்கெட்டு கிழி. கம்பியப் புடிக்காத, கண்ண மூடாத, வளைவப் பாரு'ன்னேன். மாசம் ஒண்ணு ஆகல தம்பி. ரெண்டு கையையும் விட்டுட்டு, பாட்டு முனகிக்கிட்டே முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தான். வண்டி வலப்பக்கம் சாயறதுக்கு முன்னாடியே அவன் ஒடம்பு எடப்பக்கம் சாஞ்சுக்கும். அவன ஆளாக்குனதே நான்தானுங்க. இப்பவும் பாத்தா, 'எல்லாம் நீங்கதாண்ணே'ன்னு கையெடுத்துக் கும்பிடுவான்.

அதெப்படி உங்களுக்கு மட்டும் கண்ண மூடச் சொல்றேங்கறீங்களா? நீங்க பயணி தம்பி. பயணி வேற, தொழிலுக்கு வந்தவன் வேற. பயணிக்கு ஒரு நாள் பாடு. கண்ண மூடிட்டு எறங்கிப் போயிரலாம். தொழிலுக்கு வந்தவன் தெனமும் இதுலயே கெடந்தாகோணும், அவன் கண்ண மூடுனாப் பொழைக்க முடியுமா?

சித்திரையில அவளப் பாக்கப் போனேன். போகும்போது வூட்டுல இருந்த மாத்திரையெல்லாம் எடுத்துட்டுத்தான் போனேன். போயிப் பாத்தா, அங்க நடக்கற கூத்தை என்னன்னு சொல்ல. பொள்ளாச்சியில இருந்து பயிற்சி குடுக்கற புள்ள ஒண்ணு வந்திருக்குது, நம்ம பொண்ணு வயசுகூட இருக்காது. துளசிய நட்டநடு வூட்டுல நிக்க வெச்சு, கட்டவெரல மூஞ்சிக்கு முன்னாடி நீட்டச் சொல்லி, அதப் பாத்துக்கிட்டே தலைய அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டச் சொல்லுது. தலை சுத்தறவளத் தலைய ஆட்டச் சொல்லுதுங்க! அப்பறம் மெத்தைய மடிச்சுப் போட்டு அதும்மேல ஏறிக் கண்ண மூடிட்டு நில்லுங்குது. அவ தள்ளாடிப் போயிச் செவுத்துல இடிக்கறா. இடிச்சுட்டு, மறுக்கா வந்து நிக்கறா. ஒரு தடவை போயித் தொட்டியில வாந்தி எடுத்தா. வாயத் தொடச்சுட்டு மறுக்கா வெரல நீட்டறா.

நான் சத்தம் போட்டேன். போடாம? 'யாரக் கேட்டு இதெல்லாம் பண்றே?'ன்னு அந்தப் புள்ளயக் கேட்டேன். பதட்டமே இல்லை அதுக்கு. 'ஐயா, ரெண்டு காதும் ஒரே சேதி சொன்னாத்தான் மூளை நம்பும். இப்ப ஒரு காது சொல்லுது, இன்னொரு காது பேச மாட்டேங்குது. மூளை கொழம்பிப் போயிருக்குது. ஆட்டி ஆட்டித் தப்பு நடந்தாத்தான் அது கணக்கத் திருத்திக்கும். கண்ணு, பாதம் சொல்றதையும் சேத்துக் கேக்கப் பழகும். அசையாம வெச்சிருந்தா மூளைக்குத் தப்பே தெரியாது, எத வெச்சுத் திருத்தும்? இந்த மாத்திரையும் அதத் தூங்க வெச்சிரும். மூணு மாசம் வீணாப் போச்சுங்கய்யா'ன்னுச்சு.

வீணாப் போச்சாம். அந்த மூணு மாசம் வீணாம். எம் மூஞ்சிக்கு நேராச் சொல்லுது.

நான் துளசிகிட்டப் போயி, 'போதும், வா வூட்டுக்குப் போலாம், இவங்க உன்னக் கொன்னுருவாங்க'ன்னு கையப் புடிச்சேன். அவ கைய உருவிக்கிட்டா. மெதுவாத்தான் உருவுனா. வேர்த்து வழியுது அவளுக்கு. மூச்சு வாங்கிட்டே கேக்கறா, 'ஏனுங்க, அந்த ஆரோக்கியத்துக்கு நீங்க என்ன வைத்தியம் பண்ணுனீங்க?'

'அது வேற துளசி, அவன் தொழிலுக்கு வந்தவன்'னேன்.

'நான் மட்டும் பயணிங்களா?'ன்னா. 'ஒரு நாள் கண்ண மூடிட்டு எறங்கிப் போறதுக்கு? எனக்கு எங்கீங்க ஸ்டாப்பிங்கு?'

மரகதம் பாக்கறா, அந்தப் புள்ள பாக்குது. சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டு வந்துட்டேன். மாத்திரைய வாசத் திண்டு மேல வெச்சுட்டுத்தான் வந்தேன். அத அவ தொடவே இல்லையாம்.

அதுல இருந்து வூட்டுல ஒத்தையிலதான் இருக்கறேன். ரசம் நானே வெச்சுக்கறேன், இப்ப நல்லா வருது. ஜன்னல்ல கம்பளி அப்படியேதான் கெடக்குது, எடுக்கத் தோணல. நடு ராத்திரியில முழிப்பு வந்துருது. யாரோ 'இருக்கறீங்களா'ங்கற மாதிரி இருக்கும். இருக்கறேன்னு வாய் வரைக்கும் வந்துரும்.

இன்னைக்குக் காலைல போன். அவதான். பள்ளிக்கூடம் தொறக்குதாம், அடுப்புப் பத்த வெக்கோணுமாம், வந்தர்றேங்கறா. எனக்குச் சந்தோசம் தாங்கல. 'இரு, நான் வந்து கூட்டீட்டு வர்றேன்'னேன். 'வேண்டாங்க, நானே வந்துக்கறேன்'ங்கறா. நானேன்னா? ஒத்தையில! இந்த வளைவுல! ஒரு காது செத்தவ! அவ போன வெச்சதும் சட்டையப் போட்டேன், கதவப் பூட்டுனேன், ஓடி வந்து வண்டியேறிட்டேன். அவ கெளம்பறதுக்கு முன்னாடி போயிரலாம். ஜன்னலோரம் உக்கார வெச்சு, கண்ண மூடச் சொல்லி, கையப் புடிச்சுக் கூட்டீட்டு வந்தர்றேன். அவளுக்குன்னுதான் இன்னொரு எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன், இந்தாப் பாருங்க. அவளே இப்ப ஒத்தையில நிக்கறேன்னு வீம்பு பேசுனாலும், வளைவுல வண்டி திரும்பும்போது ஒரு கை வேணுமில்லீங்களா? அப்பப் புடிச்சுத்தானே ஆகோணும்? அந்த ஒரு புடி போதும் தம்பி எனக்கு. வேறென்ன கேட்டேன்.

மறுக்கா நிறுத்தறான். ஏறுற வண்டி வருதாட்ட இருக்குது. நல்ல பையன், முன்கூட்டியே ஓரங்கட்டிட்டான். பஸ்ஸுதான். வால்பாறை வண்டி. கூட்டம் பாருங்க, படி வரைக்கும் நிக்குது. பள்ளிக்கூடம் தொறக்குதுல்ல, எல்லாம் ஊரு திரும்புதுங்க.

அந்த மஞ்சச் சேலை.

தம்பி, சித்த நகருங்க. நகருங்கன்னா. நடுவுல நிக்கறா பாருங்க, சீட்டு இல்லாம, ஆம்பளைங்களுக்குப் பின்னாடி. ஒரு கையில பை. இன்னொரு கையில குடை. அப்பக் கம்பிய எந்தக் கையில புடிச்சிருக்கறா? புடிக்கலையா?

துளசி! ஏ துளசி! இங்க! இக்கட்ட, இந்தப் பக்கம்!

பாத்துட்டா. தலையத் திருப்பிப் பாத்துட்டா. வண்டி வளையுது, அவ தலையத் திருப்பி என்னையே பாக்கறா. கண்ணத் தொறந்துட்டே. சித்த அந்தப் பக்கம் சாஞ்சா, தானா நிமுந்துட்டா. யாரும் புடிக்கல. குடையத் தூக்கிக் காட்டறா. வாயத் தொறந்தா, என்ன சொன்னான்னு தெரியல. சிரிச்சாளா தம்பி? நீங்க பாத்தீங்களா? உங்க கண்ணு நல்ல கண்ணு, சிரிச்சாளா, கொமட்டுனாளா?

சிரிச்சாளாக்கும்.

போயிருச்சு. அந்த வளைவு திரும்பிருச்சு. இனிக் கூப்புட்டாலும் கேக்காது. போன் பண்ணலாம்னா இங்க டவரும் இல்லை, அவகிட்டப் போனும் இல்லை, காலைல மரகதம் போன்லதான் பேசுனா. கண்டக்டரே, என்னை இங்கயே எறக்கி விட்டுருங்க. முடியாதா? காட்டுல எறக்கப்படாது, ஆமா, தெரியும், அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். சரி, கீழ ஆழியாறுல எறக்குங்க. அடுத்த வண்டியப் புடிச்சு ஏறோணும்.

ஐயையோ.

ஒண்ணுமில்ல தம்பி. வூட்டுச் சாவி எங்கிட்ட இருக்குது. இந்தா, சட்டைப் பையில. நான்தானே பூட்டீட்டு வந்தேன். அவளும் சாவி இல்லாமத்தானே போனா. அவ போயிப் படியேறி வாசலுக்கு வந்தா, கதவு பூட்டிக் கெடக்கும். நான் எறங்கி, வண்டி புடிச்சு, மறுக்கா இத்தனை வளைவும் ஏறிப் போற வரைக்கும் அவ வெளியிலயே நிக்கோணும்.

நிப்பாளுங்க. இப்பத்தான் நிக்கறாளே.